ஒரே மரத்து விதை

கித்தா விதையைக் கையில் வாங்கிப் பார்த்து, இது எந்த மரத்தில் காய்த்தது என்று சொல்லக்கூடியவள் அந்தத் தோட்டத்தில் ஒருத்திதான் இருந்தாள். அவளுக்கு வாயும் கொஞ்சம் நீளம். இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்தது கடவுள் செய்த பிழை. மற்றதெல்லாம் கருப்பம்மாள் தானே செய்தது.

சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து நாலு மைல் உள்ளே தள்ளி இருந்த சின்னத் தோட்டம் அது. ரப்பரை அங்கே யாரும் ரப்பர் என்று சொல்வதில்லை, கித்தாதான். கருப்பம்மாள் பால் வெட்டுகிறவள் அல்ல, நாற்றங்கால்காரி. விதை விழும் காலத்தில் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு காடு முழுக்கச் சுற்றுவாள். நல்ல மரத்து விதையாகப் பொறுக்கி வந்து மணலில் பாவி முளைக்க வைப்பாள். பதினோரு வருஷமாக இதே வேலை. கித்தா விதையின் முதுகில் பழுப்பும் வெள்ளியுமாகப் புள்ளியும் கோடும் ஓடும். ஒரு மரத்து விதைகளுக்கெல்லாம் ஒரே கோலம், பக்கத்து மரத்துக்கு வேறு கோலம். பெற்ற பிள்ளைக்குத் தாய்முகம் வராமல் போகலாம், கித்தா விதைக்குத் தப்பவே தப்பாது. இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பார்த்துப் பார்த்து வந்தது. ஒருநாள் குழாயடியில் பெண்களிடம் பெருமையாகச் சொன்னாள்.

"ஆமாலா, இவகிட்ட கித்தாக்கொட்டை வாயத் தொறந்து பேரு சொல்லும்" என்று சிரித்தார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றுதான் அவளும் நினைத்தாள். குழாய்க்கு அந்தப் பக்கம் கங்காணியின் பெண்டாட்டி குடத்தோடு நின்றிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம் புதுத் துரை ஒருவர் வந்தார். கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் நடக்கும் கோழிச் சண்டை, குழாயடிச் சண்டையெல்லாம் தன் பங்களா வாசலுக்கு வருவது அவருக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்குள் ஒரு பஞ்சாயத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார். தலைவரைத் தோட்டத்து ஆட்களே தேர்ந்தெடுக்க வேண்டும். செக்ரோல் என்கிற கூலிப் பதிவேட்டில் பேருள்ள அறுபத்து நாலு பேருக்கும், ஆணோ பெண்ணோ, ஆளுக்கொரு வாக்கு. யார் யாருக்குப் போட்டார் என்பது எவனுக்கும் தெரியக்கூடாது.

கங்காணி உடையப்பன் மீசையைத் தடவிக்கொண்டு நான்தான் தலைவர் என்றான். யாருக்கு எந்த மர நிரை, யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரை நாள் கூலியான அரைப்பேர் என்பதெல்லாம் ஏற்கெனவே அவன் வாயில்தான் இருந்தது. போதாக்குறைக்கு இதுவும் வேண்டும் என்றான். அவனை எதிர்த்துப் பால் வெட்டுகிற மாயாண்டி நின்றான். இதற்கு முன் அந்தத் தோட்டத்தில் கங்காணியை எதிர்த்து யாரும் தும்மியதுகூட இல்லை.

வாக்கு நடத்தும் பொறுப்பு கிராணி சூசைநாதனுக்கு வந்தது. கிராணி என்றால் கணக்கப்பிள்ளை. ஊருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றால் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். கூலி வாங்காமல் எழுதிக் கொடுப்பார், அழுதால் சேர்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வார். எழுதப் படிக்கத் தெரியாத ஜனத்துக்கு அவர் ஒரு வழி செய்தார். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் கொட்டகையில் சாக்குத் திரை கட்டி, அதற்குப் பின்னால் இரண்டு பானை வைத்தார். சிவப்புத் துணி கட்டிய பானை கங்காணிக்கு, வெள்ளைத் துணி கட்டியது மாயாண்டிக்கு. பானைகள் கங்காணி வீட்டிலிருந்து வந்தன.

"ஆளுக்கு ஒரு கித்தாக்கொட்டை கொண்டாங்க. காடெல்லாம் கெடக்கு, அதுக்கா பஞ்சம்?" என்றார் கிராணி.

நல்ல யோசனை என்று எல்லோரும் மெச்சினார்கள். கருப்பம்மாளும் மெச்சினாள். ஒரு காகிதம் வேண்டாம், ஒரு கையெழுத்து வேண்டாம். ஒவ்வொருவரும் தங்கள் நிரையில் வேலை முடித்து, வழக்கமாகக் கட்டுச்சோறு பிரித்துத் தின்கிற மரத்தடியில் குனிந்து ஒரு விதையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்கள். அறுபத்து நாலு பேரும் தங்கள் பேரையே மடியில் கட்டிக்கொண்டு போகிறார்கள் என்பது அந்தத் தோட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியவள் ஒருத்தி. அவளுக்கே அது உறைக்கவில்லை.

அவளும் ஒன்று எடுத்துப் போனாள். நாற்றங்காலுக்குப் பின்னால் ஓடைக்கரையில் நிற்கும் மரத்து விதை அது. கோலத்தில் அதை மிஞ்சிய மரம் தோட்டத்தில் இல்லை. திரைக்குப் பின்னால் போய் வெள்ளைத் துணிப் பானையில் போட்டாள். மூன்று வருஷத்துக்கு முன் அவள் புருஷன், பத்துமலை என்று பேர், காய்ச்சலில் செத்தபோது, புதைத்துவிட்டு மறுநாள் வராததற்குக் கங்காணி அவளுடைய அன்றைய கூலிப் பேரை வெட்டினான். "செத்தவனுக்கு அழக்கூட ஒருநாள் கெடையாதா?" என்று பெரட்டில் கேட்டவன் மாயாண்டி ஒருவன்தான். அந்தக் கடனை அன்றைக்குத் தீர்த்துவிட்டதாக அவளுக்கு ஒரு நிம்மதி.

கங்காணிக்கு நாற்பத்தொன்று, மாயாண்டிக்கு இருபத்து மூன்று. கங்காணிதான் தலைவர். எண்ணி முடித்ததும் பானைகளை அப்படியே அவன் வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். எண்ணின பிறகு விதைக்கு என்ன மரியாதை? உள்ளே கிடந்ததை யாரும் கொட்டவில்லை.

மறுநாள் சாயங்காலம் கங்காணியின் பெண்டாட்டி ஆள் அனுப்பினாள். கருப்பம்மாள் அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை. அன்று பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கண்ணாடிக் குவளையில், சீனி தாராளமாகப் போட்ட காப்பி வந்தது. கங்காணி எதிரே உட்கார்ந்து சிரித்தான்.

"கருப்பம்மா, கித்தாக்கொட்டையப் பாத்தே மரத்தச் சொல்லிருவியாமே. பொம்பளைங்க கத வுடுறாளுவன்னு நெனச்சேன். மெய்யா?"

"கத இல்லீங்க கங்காணி. மெய்தான்."

"எங்க, சொல்லு பாப்போம்" என்று ஒரு விதையை நீட்டினான்.

அவள் வாங்கி ஒரு புரட்டுப் புரட்டினாள். "மேட்டு நெரை. கல்லு பக்கத்துல சாஞ்சு நிக்குமே, அந்த மரம்."

"அட!" என்றான் கங்காணி. உண்மையான ஆச்சரியம் அது. இன்னொன்றை நீட்டினான். பாலத்தடி நிரை, இடிவிழுந்த மரம். பதினோரு வருஷத்தில் அவளிடம் ஒரு பெரிய மனிதர் கேள்வி கேட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது. இதைச் சொல்லாமல் மறைத்துப் பயனில்லை.

மூன்றாவது விதைக்கு அவள் மரத்தைச் சொன்னதும் கங்காணி சிரிக்கவில்லை. "அப்ப அர்ச்சுனன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அவன் காலடியில் வெள்ளைத் துணி கட்டிய பானை இருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

புரிந்துவிட்டது. அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். கண் சரியில்லை, விளக்கு மங்கல், தலை வலிக்கிறது என்று ஆயிரம் சொல்லியிருக்கலாம். யாரும் அவளை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. குவளையில் பாதிக் காப்பி இருந்தது, அவ்வளவுதான். எழுந்தால் ஏன் எழுந்தாய் என்று கேட்பானே என்று ஒரு பயம். மூன்று சொன்ன பிறகு நான்காவதில் நிறுத்தி என்ன ஆகப்போகிறது என்று ஒரு நியாயம். எல்லாவற்றுக்கும் அடியில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, இன்னும் அந்த "அட"வைக் கேட்க ஒரு ஆசை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தான் மட்டும் கெட்டது.

வீரம்மா. காளியம்மா. மாயாண்டி. மாயாண்டியின் மைத்துனன். ஒவ்வொரு மரமாக அவள் சொல்ல, ஒவ்வொரு பேராக அவன் முணுமுணுத்தான். இரண்டு விதை மட்டும் அவளுக்கு நிஜமாகவே பிடிபடவில்லை. அதற்காக அவள் கொஞ்சம் வருந்தினாள் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கடைசியாக அவன் எடுத்தது அவளுடையது.

ஓடைக்கரை மரத்து விதை, நடு முதுகில் வெள்ளிக்கோடு. ஆயிரம் விதையில் போட்டாலும் அவள் கை அதைத் தானாக எடுக்கும்.

"இது?"

"ராக்காயி நெரைங்க" என்றாள்.

எங்கிருந்து வந்தது அந்தப் பேர்? ராக்காயியின் நிரை ஓடைக்கு அந்தப் பக்கம் தொடங்குகிறது, அது ஒரு காரணம். மற்ற காரணத்தைப் பின்னால் பல நாள் படுத்துக்கொண்டு யோசித்துக் கண்டுபிடித்தாள். ராக்காயி தோட்டத்துக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. சொந்தம் பந்தம் கிடையாது. புருஷன் சித்தியவான் பக்கம் வேலை தேடிப் போகிறேன் என்று போனவன் போனவன்தான். மடியில் ஆறு மாதப் பெண் குழந்தை, பேர்கூட வைக்காமல் பாப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்க அவளுக்கு ஆள் இல்லை. அதனால்தான் அவள் பேர் வாயில் வந்தது.

"அந்தப் பூனையா!" என்றான் கங்காணி. "சரி. ஒன்னோட கொட்டை இதுல இருக்காதுன்னு எனக்குத் தெரியும்லா. காப்பியக் குடி."

குடித்தாள்.

ஒரு வாரத்துக்குள் இருபத்தொரு பேரின் நிரை மாறியது. எல்லோரும் மலைக்காட்டுக்குப் போனார்கள். அங்கே மரமெல்லாம் கிழடு, பால் வாளியின் அடியை நனைக்காது. வழுக்குப் பாறையில் ஏறி இறங்கவே பாதி நாள் போய்விடும். பால் குறைந்தால் அரைப்பேர். பழைய நிரையில் இருந்தவரை ராக்காயி பத்து மணிக்கு ஓடி வந்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் கிடக்கும் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போவாள். மலையிலிருந்து அப்படி வர முடியாது. குழந்தை மதியம் வரை கத்தும், ஆயா கஞ்சித் தண்ணீரைப் புகட்டுவாள். ஒரு மாதத்தில் ராக்காயிக்கு மரத்துப் பாலும் இல்லை, மார்ப்பாலும் இல்லை என்று ஆனது. குழந்தையின் கை சுள்ளியாகிவிட்டது.

ராக்காயி கங்காணியிடம் போய் அழுதிருக்கிறாள். மாரியம்மன் மேல் ஆணையாக நான் செவப்புத் துணியிலதான் போட்டேன் என்றிருக்கிறாள். உண்மையும் அதுதான். நாதியற்றவள், பயந்துகொண்டு கங்காணிக்குத்தான் போட்டாள். அவன் நம்பவில்லை. "மனுசன் பொய் சொல்வான், மரம் சொல்லாது" என்று அனுப்பிவிட்டான். அவன் என்ன சொல்கிறான் என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

ஒருநாள் குழாயடியில் கருப்பம்மாளுக்குப் பக்கத்தில் குடத்தை வைத்துவிட்டு, ராக்காயி மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, திரைக்குள்ள இருட்டா இருந்துச்சில்ல? நான் கை தவறி வெள்ளைத் துணியில போட்டுட்டேனோ?"

கருப்பம்மாள் குடத்துக்குள் தண்ணீர் விழுவதையே பார்த்தாள்.

"எனக்குச் செவப்புன்னுதான் ஞாபகம். ஆனா கங்காணி அவ்வளவு நிச்சயமா சொல்றாரு. நான்தான் கிறுக்கி, எதையும் ஒழுங்காச் செய்ய மாட்டேன்னு எங்க ஆத்தா சொல்லும். எம் புள்ள வயித்துல நானே அடிச்சுட்டேனாக்கா?"

இல்லையடி, நீ தவறவில்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். கருப்பம்மாள் வாயைத் திறந்தாள். "இருக்கும். இருட்டுத்தான்" என்றாள். குடம் நிரம்பி வழிந்து காலை நனைத்தது. தூக்கிக்கொண்டு நடந்தாள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தன் வாயில் தானே இரண்டு அடி அடித்துக்கொண்டாள். அடித்து என்ன செய்வது? சொல்ல வேண்டியது சொல்லாமல் உள்ளேயே கிடந்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கங்காணிக்கு எப்படித் தெரிந்தது என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார்? கிராணி. சாக்கில் ஓட்டை இருந்தது, கிராணி எட்டிப் பார்த்துக் கங்காணிக்குக் காட்டிக் கொடுத்துவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். கடிதம் எழுதச் சொல்லி யாரும் அவரிடம் போகவில்லை. அவர் நடந்து போன தடத்தில் பெண்கள் காறித் துப்பினார்கள். சிலுவையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தார் அந்த மனிதர். வேதக்காரன் சத்தியம் நமக்கு எதுக்கு என்றார்கள். துப்பியவர்கள் கூட்டத்தில் கருப்பம்மாளும் நின்றாள். துப்பவில்லை. ஆனால் நின்றாள்.

மாயாண்டி சும்மா இருக்கவில்லை. ஈப்போவிலிருந்து தொழிலாளர் விஷயம் பார்க்கிற அதிகாரி ஒருவர் வந்தபோது, வாக்குப் போட்டதற்குத் தண்டனையா என்று கேட்டுவிட்டான். அதிகாரி துரையைப் பார்த்தார், துரைக்கு முகம் சிவந்தது. ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை மறுபடி வாக்கு என்று உத்தரவு வந்தது. இந்தத் தடவை சாக்குக்குப் பதில் தடித்த கம்பளி. கிராணி பத்தடி தள்ளி உட்கார வேண்டும். மற்றதெல்லாம் பழையபடி, அதே பானை, ஆளுக்கொரு கித்தாக்கொட்டை.

"கம்பளியக் கட்டுனா என்னா, இரும்பக் கட்டுனா என்னா? அவனுக்குத் தெரிஞ்சுருது. நான் கங்காணிக்கே போட்டுட்டுப் போறேன்" என்றாள் வீரம்மா. எல்லோரும் அதையே சொன்னார்கள். மாயாண்டியின் மைத்துனனே சொன்னான். ஓட்டை எங்கே இருக்கிறது என்று கருப்பம்மாள் ஒருத்திக்குத்தான் தெரியும். அதைக் காட்ட வேண்டுமானால் தன்னைக் காட்ட வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் கங்காணி நாற்றங்காலுக்கே வந்தான். "நாளைக்குச் சாயங்காலமும் ஒனக்கு நம்ம வீட்டுல காப்பி" என்றான். சிரித்துக்கொண்டே போனான்.

அவள் பாதி பாவியிருந்த மணலை அப்படியே விட்டுவிட்டு, ஓடைக்கரை மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தாள். வெயிலில் காய்கள் வெடித்து விதைகள் சடசடவென்று சருகில் விழுந்துகொண்டிருந்தன. பொறுக்கத் தொடங்கினாள். அந்த மரத்து விதை மட்டும், வேறு ஒன்றுகூடக் கலக்காமல். பொறுக்கும்போது ஒரே ஒரு எண்ணம்தான் அவளுக்கு. இந்தக் கூடையைச் சும்மா வைத்துவிட்டு, எல்லோரும் இதிலிருந்து எடுங்கள் என்று மட்டும் சொன்னால் போதாதா? ஏன் என்று கேட்பார்கள். பதில் சொல்லாவிட்டால் கங்காணியின் சூழ்ச்சி என்று எடுக்க மாட்டார்கள். பதில் சொன்னால் முகத்தில் துப்புவார்கள். எழுபது விதை சேர்ந்தது. வேறு வழி ஒன்றும் அகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரட்டுக் களத்தில் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். துரை வரவில்லை. கங்காணி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கருப்பம்மாள் கூடையைக் கொண்டுபோய்க் கம்பளித் திரைக்கு முன்னால் வைத்தாள்.

"கையில இருக்கிறத எல்லாரும் கீழ போட்டுருங்க" என்றாள். "இதுலேருந்து எடுத்துக்குங்க."

"என்னா கருப்பம்மா, கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றான் கங்காணி.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. வரிசையில் முதலாவதாக நின்ற அர்ச்சுனனின் கையைப் பிரித்து, அதிலிருந்த விதையை எடுத்துப் பார்த்தாள். "இது மலைக்காட்டுல, பாறைக்குக் கீழ ரெட்டையா நிக்கிற மரத்துல எடது பக்க மரம். அங்கதானே சோறு தின்னுறீங்க அண்ணே?" அர்ச்சுனன் வாய் பிளந்தான். அடுத்தது வீரம்மா, அடுத்தது காளியம்மா. மூன்று பேருக்கும் மரம் சரியாக இருந்தது.

"திரையில ஓட்டை இல்ல" என்றாள் கருப்பம்மாள். "கிராணியய்யா எட்டிப் பாக்கல. பானையக் கங்காணி வூட்டுக்குக் கொண்டுபோயி, ஒவ்வொண்ணா எங்கிட்டக் காட்டுனாரு. நான்தான் சொன்னேன். அடிச்சுச் சொல்ல வைக்கல. காப்பி குடுத்தாங்க. பெருமைக்குச் சொன்னேன்."

யாரோ பின்னாலிருந்து கெட்ட வார்த்தை சொன்னார்கள். காளியம்மா துப்பியது அவள் சேலை முந்தானையில் விழுந்தது. துடைக்கவில்லை. சூசைநாதன் எழுந்து நின்றவர் மறுபடி உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

இதோடு நிறுத்தியிருந்தால்கூட யாருக்கும் தெரியாது. இன்னும் ஒன்று பாக்கி இருப்பது அவளுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். வரிசையின் கடைசியில் ராக்காயி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கருப்பம்மாள் அவளிடம் நடந்து போனாள்.

"கடைசியாக் காட்டுனது என்னோடது. நான் மாயாண்டி அண்ணனுக்குப் போட்டது. மாட்டிக்கிருவேன்னு ஒம் பேரச் சொல்லிட்டேன்."

ராக்காயி அவளையே பார்த்தாள். கோபம் வர நேரம் பிடித்தது. முதலில் வந்தது வேறு.

"அப்ப நான் கை தவறலியா?"

"இல்ல."

"செவப்புலதான் போட்டேனா?"

"செவப்புலதான் போட்ட. நீ கிறுக்கி இல்ல."

ராக்காயியின் உதடு கோணியது. குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது கண்ணில் ஈரம் இல்லை. "அன்னைக்கே ஒங்கிட்டத்தானே கேட்டேன்" என்றாள். அடித்திருந்தால் கருப்பம்மாளுக்குப் பாரம் குறைந்திருக்கும்.

மாயாண்டி முன்னால் வந்து தன் விதையைக் களத்துக்கு வெளியே வீசி எறிந்துவிட்டு, கூடையிலிருந்து ஒன்றை எடுத்தான். அவன் எடுத்ததும் ஒவ்வொருவராக எடுத்தார்கள். கருப்பம்மாள் எடுத்துக் கொடுக்கப் போனபோது மட்டும் கையை இழுத்துக்கொண்டார்கள். அவள் கூடையை விட்டுத் தள்ளி நின்றாள். எல்லோரும் திரைக்குள் போய் வந்தார்கள். கங்காணியும் போனான், அவளும் போனாள். ராக்காயி மட்டும் கூடையைத் தொடவில்லை.

"அவ பொறுக்குனது எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்த தன் விதையையே எடுத்துக்கொண்டு திரைக்குள் நுழைந்தாள்.

அறுபத்து மூன்று விதை ஒரே கோலம், ஒன்று மட்டும் வேறு. மற்றவர்கள் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். கருப்பம்மாள் கண்ணுக்கு அது வெள்ளைச் சோற்றில் விழுந்த மிளகு. பானையைக் கவிழ்த்த உடனே ராக்காயி யாருக்குப் போட்டாள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். வேண்டாம் என்றாலும் தெரிந்துவிடும். கங்காணி அவள் முகத்தைப் பார்த்தே படித்துவிடுவான்.

"கிராணியய்யா" என்று கூப்பிட்டாள். "ரெண்டு பானையையும் ஒரே பால் வாளியில எண்ணிப் போடுங்க. எல்லாம் கலந்து போகட்டும். நான் பாக்கல." சொல்லிவிட்டுப் பானைகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

திரும்பிய பிறகுதான் தெரிந்தது, அந்தப் பக்கம் முழுக்க ஜனம். நேர் எதிரே ராக்காயி. விதையைப் பார்க்காமல் இருக்க வேண்டுமானால் இந்த முகங்களைப் பார்த்தாக வேண்டும். கண்ணை மூடலாமா என்று நினைத்தாள். மூட அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தோன்றியது. திறந்தே வைத்துக்கொண்டாள்.

முதலில் மாயாண்டியின் பானை. "ஒண்ணு" என்றார் கிராணி. விதை வாளியில் டங்கென்று விழுந்தது. "ரெண்டு." டங். ஒவ்வொரு சத்தத்துக்கும் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பதினோரு வருஷப் பழக்கம். இதிலா இருக்கிறது, அதிலா? குழந்தையைப் பட்டினி போட்ட கங்காணிக்கு இவள் மறுபடி போட்டிருப்பாளா? பயத்தில் போட்டிருக்கலாம். கோபத்தில் மாற்றியும் இருக்கலாம். தெரிந்துகொள்ள அவளுக்கு நாக்கு ஊறியது. அதை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"கருப்பம்மா, இங்க திரும்பு" என்றான் கங்காணி பின்னாலிருந்து. "நாத்தங்கால்ல ஒனக்கு வேல வேணுமா வேணாமா?"

ராக்காயி கண்ணை எடுக்கவில்லை. குழந்தை சுள்ளிக் கையால் அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கருப்பம்மாள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "முப்பத்தெட்டு" என்றார் கிராணி. பிறகு கங்காணியின் பானை, அதே வாளியில். "இருபத்தாறு" என்று முடிந்தது.

மாயாண்டி ஜெயித்தான். ஆரவாரம் எழுந்தது. யாரோ மேளம் எடுத்துவர ஓடினார்கள். பஞ்சாயத்துத் தலைவர் மாறினால் கங்காணி மாறிவிடுவானா? மறுநாள் பெரட்டில் கருப்பம்மாளின் பேர் மலைக்காட்டுக்குப் போகும் என்பது அவளுக்குத் தெரியும். மாயாண்டி நியாயம் கேட்பான், ராக்காயி கீழ்நிரைக்கு வந்தாலும் வரலாம். அவளுக்குப் பால் மறுபடி ஊறுமா என்று யாரும் சொல்ல முடியாது.

வாளியைக் கித்தாத் தகடு உலர்த்தும் புகைக்கொட்டகைக்குக் கொண்டுபோய் அடுப்பில் கொட்டும்படி கருப்பம்மாள் கிராணியிடம் சொன்னாள். அவர் தலையசைத்தார், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கூட்டம் கலைந்தது. ராக்காயி மட்டும் அங்கேயே நின்றாள்.

"பாத்தியா?" என்று கேட்டாள்.

"பாக்கல."

"பாக்கலேன்னு நான் எப்படி நம்புறது?"

கருப்பம்மாள் யோசித்தாள். சத்தியம் செய்யலாம். கிராணியும் சத்தியம்தான் செய்தார்.

"நம்பாத" என்றாள். "அடுத்த தடவையும் என்னைத் திருப்பி நிக்க வையி. நீயே எதுக்க நில்லு."

ராக்காயி குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போனாள். அவள் லயத்து முனை திரும்பும் வரை கருப்பம்மாள் அப்படியே நின்றாள். வாளி போய் வெகுநேரம் ஆகிவிட்டது என்று தெரிந்தும், திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.